கம்யூனிட்டி காலேஜுக்கு ஊர்க்காரங்ககிட்ட பணம், ஒத்தாசை எப்படிக் கேக்குறது? (காரைக்குடி வட்டாரம்)

புதுவயல் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். புதுவயல் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துற கம்யூனிட்டி காலேஜ்ல நான் டெய்லரிங் சொல்லிக்குடுக்குறேன். இந்த வருஷத்துல இருந்து அவுட்ரீச் வேலையும் நீதான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க, அதாவது பிள்ளைங்களச் சேக்குறது, அவங்களுக்கு வேலைக்கு இடம் பேசுறது, நன்கொடை கேக்குறது மூணும் இப்ப என் பொறுப்பு.

காலேஜுன்னதும் பெரிய கட்டடம்னு நினைக்க வேணாம். வாடகைக்கு எடுத்த பழைய வீடு, முகப்புல ஆபீஸ், வளவுல (உள்முற்றத்துல) தையல் மெஷின், ரெண்டாங்கட்டுல வயரிங் கிளாஸ். வீட்டு நர்ஸிங், எலக்ட்ரீசியன், டெய்லரிங், கேட்டரிங்னு நாலு கோர்ஸ், 58 பேர் படிக்கிறாங்க, முக்காவாசி பொம்பளப்பிள்ளைங்க, பத்தாவதோ பன்னெண்டாவதோ முடிச்சிட்டு வீட்டுல இருந்தவங்க, மூணு பேர் கைக்குழந்தையோட வர்றாங்க. மாசம் 300 ரூபா ஃபீஸ், அதுக்கு மேல கேட்டா பாதிப்பேர் நின்னுருவாங்க, அதனால ஃபீஸ வச்சு வாடகைகூடக் கட்ட முடியல.

போன ஆவணியில கலர் பிரவுச்சர் அடிச்சு 40 வீட்டுக்கு, கடைகளுக்கு, மில்லுகளுக்குக் குடுத்தோம். நாலு பேர்தான் பணம் தந்தாங்க. "கோவில் கும்பாபிஷேகம் இருக்கும்மா, அது முடியட்டும்"னு சொன்னவங்கதான் அதிகம். நிர்வாகத்துல அடுத்ததா பெரிய ஆளா ஒருத்தரக் கூப்பிட்டு விழா எடுக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கே ஒரு லட்சம் ஆகும், எனக்கு மனசு ஒப்பல. யாருகிட்ட மொதல்ல போகணும், மில்லு ஹோட்டல்காரங்கள எப்படிக் கூடச் சேத்துக்கிறது, சிங்கப்பூர் மலேசியாவுல இருக்கவங்க குடுத்தா வாங்கலாமா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. ஏப்ரல் மாசத்துக்குள்ள ரெண்டு லட்சமாவது சேராட்டி எலக்ட்ரீசியன் கோர்ஸ நிறுத்துற மாதிரி ஆயிரும், அந்தப் பிள்ளைங்க மொகத்தப் பாத்து அதைச் சொல்ல என்னால முடியாது.

கோவிலூர் ரோட்டுக்காரன்

தங்கச்சி, கோவிலுக்குக் குடுக்குறாக காலேஜுக்குக் குடுக்க மாட்டேங்கிறாகன்னு வருத்தப்படுற, சரி, கோவில்ல எப்படி வசூல் பண்றாகன்னு உக்காந்து பாத்திருக்கியா? நான் எங்க ஊர் கோவில் கமிட்டியில பதினொரு வருஷம் கணக்கு எழுதினவன், அதனால சொல்றேன்.

எங்க பக்கம் நகரத்தார் கோவில்கள்ல புள்ளி வரின்னு உண்டு. கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி, புள்ளிக்கு இம்புட்டுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணுவாக, கோடீஸ்வரருக்கும் அதே தொகைதான் மாசச் சம்பளக்காரருக்கும் அதே தொகைதான். அதுக்கு மேல தர்றவுக தனியாக் கட்டளைன்னு எழுதிக் குடுப்பாக, அது வேற. இதுல என்ன விசயம்னா சின்னத் தொகையானாலும் குடுத்தவன் "என் கோவில்"னு நினைக்கிறான், திருவிழாவுக்கு வர்றான், ஒரு ஓடு விழுந்தாலும் போன் பண்ணிக் கேக்குறான். அந்தக் காலத்துல பர்மா மலேயாவுல கடை வச்சிருந்தவுக பேரேட்டுல மகமைன்னு ஒரு பக்கம் இருக்கும், தர்மத்துக்குன்னு ஒதுக்குறது, வியாபாரம் நடக்க நடக்க அதுவும் ஏறும். யாரும் வந்து பிரவுச்சர் குடுத்ததால அது ஏறல, கணக்குலயே அதுக்கு இடம் இருந்துச்சு.

இன்னொண்ணு, திருவிழா முடிஞ்ச எட்டாம் நாள் எங்க கோவில் மண்டபத்துல வரவு செலவு ஒட்டிருவோம். பூ எம்புட்டு, தேங்கா எம்புட்டு, மேளக்காரருக்கு எம்புட்டு, மிச்சம் எம்புட்டு, எல்லாம். ஒரு வருஷம் தேங்காயில 35 ரூபா கூட்டல் தப்பு வந்துருச்சு, எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர் விரலவச்சு வரிவரியாப் படிச்சுக் கண்டுபிடிச்சாரு. எங்களுக்கு அன்னைக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா திருத்தி மறுபடி ஒட்டுனோம், அடுத்த வருஷம் அவரே அன்னதானத்துக்கு 5,000 கூடக் குடுத்தாரு. ஒன்கிட்ட பணம் குடுத்த நாலு பேருக்கு அந்தக் காசு என்னாச்சுன்னு சொன்னியா? மொதல்ல அந்த நாலு பேருகிட்டப் போ. புதுசா நாப்பது வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதச் செய்.

வள்ளல் அழகப்பச் செட்டியார் மாதிரி ஒருத்தர் வரணும்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவாக. அவுக 1947ல காரைக்குடியில கல்லூரி ஆரம்பிச்சது, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வர்றதுக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தது, நேரு வந்து 1948ல அடிக்கல் வச்சது, இதெல்லாம் இந்த ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா அப்படி ஒருத்தர் வருவாருன்னு காத்துக்கிட்டு இருந்தா ஒன் எலக்ட்ரீசியன் கோர்ஸ் ஏப்ரல்ல மூடிரும். குன்றக்குடி அடிகளார் ஊருக்குத் திட்டம் போட்டப்ப சிக்ரி விஞ்ஞானிகளையே ஊருக்குள்ள கூட்டியாந்து, இங்க என்ன இருக்கு என்ன செய்யலாம்னு பாத்துத்தான் தொழில் ஆரம்பிச்சாக. நீயும் அப்படித்தான் போகணும், பக்கத்துல இருக்கவன மொதல்ல உள்ள கூப்பிடு, காசு அப்புறம்.

மில் சூப்பர்வைசர்

புதுவயல்லயே இருக்கீங்க, நானும் இங்க ஒரு ரைஸ் மில்லுலதான் 17 வருஷமா இருக்கேன், உங்க பிரவுச்சர் எங்க ஆபீசுக்கும் வந்துச்சு. உண்மையச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அதுல "இளைஞர் முன்னேற்றம்"னு இருந்துச்சு, டிரஸ்ட் தலைவர் போட்டோ இருந்துச்சு, எலக்ட்ரீசியன் கோர்ஸ்ல என்ன சொல்லிக்குடுக்குறீங்கன்னு ஒரு வரி இல்ல. எங்க முதலாளி என்கிட்ட கேட்டாரு, இவங்க பசங்களுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் கழட்ட மாட்டத் தெரியுமான்னு. எனக்குப் பதில் தெரியல, பிரவுச்சர் டிராயருக்குள்ள போயிருச்சு.

எங்களுக்கு ஆள் வேணும்ங்க, ரொம்ப வேணும். ஷெல்லர், பாலிஷர், டிரையர், கலர் சார்ட்டர்னு எல்லாமே மோட்டாரு, நைட்டு ரெண்டு மணிக்கு ஒண்ணு நின்னுச்சுன்னா வேகவச்ச நெல்லு என்னாகுறது. மூணு வருஷம் முன்னாடி ஒரு எடத்துல சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு ஒரு பையன் வந்தான், நல்ல பையன், மரியாதையான பையன். எலிவேட்டர் மோட்டார் டிரிப் ஆச்சு, பாரம் கூடினா மோட்டார நிறுத்துற ஓவர்லோடு ரிலேவ அமுக்கி ரீசெட் பண்ணான், ஓடுச்சு, திரும்ப டிரிப் ஆச்சு, திரும்ப அமுக்குனான். பேரிங் இறுகிப்போயிருந்துச்சு, சாஃப்ட்டக் கையால சுத்திப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். அஞ்சாவது தடவ அமுக்கும்போது வார்னிஷ் கருகுற வாடை வந்துருச்சு, வைண்டிங் போச்சு, அதாவது உள்ள இருக்க கம்பிச்சுத்து கருகிருச்சு. அவன நான் திட்டல, அவன் படிச்ச எடத்துல போர்டுல படம்தான் வரைஞ்சு காட்டியிருக்காங்க, மோட்டார அவன் கையால தொட்டதே இல்லையாம்.

அதனால நான் சொல்றது, பணம் கேட்டு வராதீங்க, என்ன சொல்லிக்குடுக்கணும்னு கேட்டு வாங்க. நாலு மில்லுல இருந்து ஆள் வருவோம், ஒங்க ரெண்டாங்கட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் பேசுவோம். எங்க மில்லுல காயில் போன மோட்டார் மூணு, பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் ரெண்டு சும்மா கெடக்கு, அத நான் முதலாளிகிட்டப் பேசி வாங்கித் தர்றேன், பசங்க கழட்டி மாட்டிப் பழகட்டும். கடையில வாங்கினா அதுவே பெரிய காசு. ஆனா தை மாசி வராதீங்க, சம்பா அறுப்பு, எங்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஐப்பசியில வாங்க, மழைக்காலம், மில்லு மெதுவா ஓடும்.

இன்னொண்ணு, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேர் அதுக்கு மேல வேலைபாக்குற நிறுவனம் பயிற்சியாளர்கள எடுத்தே ஆகணும், 4ல இருந்து 29 பேர் வரைக்கும் இருக்கவங்க விருப்பப்பட்டா எடுக்கலாம். பெரிய மில்லு, ஹோட்டல்காரங்ககிட்டப் பேசும்போது இத மனசுல வச்சுக்கங்க, நீங்க ஒண்ணும் சும்மா கேக்கல, அவங்களுக்கும் தேவை இருக்கு.

ஆடிட்டர் ஆபீஸ் வேலு

வெளிநாட்டுப் பணம் பத்திக் கேட்டிருக்கீங்க, இதுலதான் நம்ம பக்கத்து டிரஸ்டுங்க நிறைய மாட்டிக்கிறாங்க, கவனமாப் படிங்க.

சிங்கப்பூர்ல வேலைபாக்குறாரு ஆனா இந்தியப் பாஸ்போர்ட்தான் வச்சிருக்காருன்னா, அவர் சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்புறது வெளிநாட்டு நன்கொடைல வராது, சாதாரணமா வாங்கலாம். அதே ஆள் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா கதையே வேற. பொறந்தது பள்ளத்தூராவே இருக்கட்டும், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற அட்டை) இருக்கட்டும், சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர்தான். அவர் திருவிழாவுக்கு வந்து நம்ம ரூபா நோட்டாக் குடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கக் கூடாது. அந்தப் பதிவு வாங்க டிரஸ்ட் மூணு வருஷமாவது நடந்திருக்கணும், அந்த மூணு வருஷத்துல சேவைக்கு 15 லட்சமாவது செலவு பண்ணியிருக்கணும், பணமும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல இருக்க தனிக் கணக்குக்குத்தான் வரணும். உங்க அளவுக்கு இப்போதைக்கு அது வேணாம். வெளிநாட்டுல இருந்து யாரு அனுப்பினாலும் பாஸ்போர்ட் முதல் பக்கக் காப்பி ஒண்ணு வாங்கி ஃபைல்ல வைங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க.

உள்ளூர் நன்கொடைக்கு 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (குடுக்குறவங்களுக்கு வரிக் கழிவு) ரெண்டும் டிரஸ்டுக்கு இருக்கான்னு மொதல்ல பாருங்க. 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா குடுத்தவங்களுக்குக் கழிவு கிடையாது, செக்கோ யுபிஐயோ சொல்லுங்க. புது வரி முறையில இருக்கவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கழிவு இல்ல, அதனால "வரி மிச்சமாகும்"னு எல்லார்கிட்டயும் வாய்விட்டுராதீங்க, அப்புறம் அவங்க நம்ம ஆபீசுக்கு வந்து சண்டை போடுவாங்க. 2025ம் வருஷ வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறை, பிரிவு நம்பரெல்லாம் மாறுது, ரசீது அடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிங்க சமூக சேவைக்குச் செலவு பண்ணவேண்டிய பணம்னு எல்லாரும் சொல்லுவாங்க. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாச்சும் ஒண்ணு இருக்க கம்பெனிக்குத்தான் அந்தக் கட்டாயம். பார்ட்னர்ஷிப்ல நடக்குற மில்லுகளுக்கு இது பொருந்தாது. ஆனா கம்பெனி எந்த ஊர்ல தொழில் நடத்துதோ அந்த வட்டாரத்துக்கு முன்னுரிமை தரணும்னு சட்டத்துலயே இருக்கு, அதனால இந்த மாவட்டத்துல யூனிட் வச்சிருக்க கம்பெனியாப் பாத்துக் கேளுங்க, சென்னைக்கு மெயில் அனுப்பிட்டு உக்காந்திருக்க வேணாம். அவங்ககிட்ட வாங்கவும் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 பாரம் போட்டுப் பதிவு பண்ணியிருக்கணும்.

இல்லினாய்ஸ் தேவகோட்டை

நான் தேவகோட்டை, இப்ப அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல இருக்கேன். கம்யூனிட்டி காலேஜ்ங்கிற ஏற்பாடு வேர்விட்டதே இந்த மாநிலத்துலதான், ஜோலியட்னு ஒரு ஊர்ல 1901ல ஆறு பிள்ளைங்களோட ஆரம்பிச்சது இன்னும் நடக்குது. நம்ம நாட்டுல பாண்டிச்சேரியில 1995லயும் மெட்ராஸ்ல 1996லயும் ஆரம்பிச்சாங்க, அந்த மெட்ராஸ் முறைலயும் மொதல்ல பக்கத்துல என்ன வேலை இருக்குன்னு பாத்துட்டுத்தான் பாடமே வைப்பாங்க.

இங்க நான் பாத்ததுல உருப்படியான விசயம், கோர்ஸுக்கு ஒரு ஆலோசனைக் கமிட்டி வச்சிருக்காங்க. வெல்டிங்னா ஊர்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கவங்க, நர்ஸிங்னா பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுங்க, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வந்து உக்காந்து எந்த மெஷின் பழசாயிருச்சு எதச் சொல்லிக்குடுக்கணும்னு பேசுவாங்க. அவங்கதான் பின்னாடி மெஷினும் குடுக்குறாங்க, வேலையும் குடுக்குறாங்க. நன்கொடை வாங்க காலேஜுக்குப் பக்கத்துலயே ஃபவுண்டேஷன்னு தனி அமைப்பு, காலேஜ் செலவுக் கணக்கோட அது கலக்காது. மில் அண்ணன் மேல சொன்னதும் இதேதான், வர்றேன்னு அவரே சொல்றாரு, விட்டுராதீங்க.

புதுவயல் டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். கோவிலூர் அண்ணே, நீங்க கேட்டது சரி, அந்த நாலு பேருக்கு நாங்க ரசீதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அதுல ஒருத்தர் குடுத்த 10,000 ரூபாய்லதான் ரெண்டு தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கினோம், அது அவருக்கே தெரியாது. நாளைக்குப் போறேன். மில் அண்ணே, ஐப்பசி முதல் வாரம் தேதி சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம்.

ஒரு கேள்வி மட்டும் இருக்கு. நிர்வாகத்துல, பிள்ளைங்க வீட்டுக் கஷ்டத்த வீடியோ எடுத்து வாட்ஸப்புல போட்டா பணம் வரும்னு சொல்றாங்க. என் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட அதக் கேக்கவே எனக்கு நாக்கு எழல. ஆனா பணம் வரும்னா நான் தடுக்கிறதும் தப்போன்னு தோணுது.

பள்ளத்தூர் ஆச்சி

அம்மாடி, எடுக்காதே. நான் சொல்றதக் கேளு.

ரெண்டு வருஷம் முன்னாடி இப்படி ஒரு எடத்துல இருந்து என் வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டாந்தாக, எந்த எடம்னு சொல்ல வேணாம். அட்டையில ஒரு பொண்ணு கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கிற படம், கீழ "தந்தையை இழந்தவர்"னு பேரோட போட்டிருந்தாக. அந்தப் பிள்ளையோட ஆத்தா எங்க வீதியில பலகாரம் சுத்துறவ, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மனகோலமும் தேன்குழலும் ஒரு மூட்டை மாவுக்குத் தனியா நின்னு போட்டுக் குடுத்தவ, ஒரு பைசா கூடுதலாவும் வாங்க மாட்டா, குறையவும் வாங்க மாட்டா. அந்த நோட்டீஸ் வீதி பூராவும் போயிருச்சு, அவ ஒரு மாசம் கோவிலுக்கே வரல. நான் அந்த எடத்துக்கு ஒண்ணும் குடுக்கல, இன்னைக்கும் குடுக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் போன வருஷம் எனக்கு முட்டி ஆபரேசன் ஆச்சு. மகன் கோயம்புத்தூர், மக சென்னை, வீட்டுல நானும் சமையக்காரம்மாவும்தான். வீட்டு நர்ஸிங் படிச்ச ஒரு பிள்ளை, இருபது வயசு, காலையில வந்து காலுக்குக் கீழ தலகாணி வச்சு மெதுவா மடக்கி நீட்டச் சொல்லிக்குடுத்துச்சு. பிரஷர் பாக்கையில என் கையில இருந்த வளையல அதுவா ஏத்தி விட்டுட்டுத்தான் பட்டையக் கட்டும், முடிச்சதும் திரும்ப எறக்கி விடும். ஒரு சின்ன நோட்டுல நேரம் போட்டு எழுதி வச்சிருக்கும், மகன் போன்ல கேட்டா அந்த நோட்டப் பாத்துச் சொல்லும். ஆறு வாரம் கழிச்சு நான் வாசப்படி தாண்டி நடந்து போய் நகரச் சிவன் கோவில்ல கும்பிட்டேன். அன்னைக்கே அந்தப் பிள்ளை படிச்ச எடத்து நம்பர் வாங்கி, யாரும் கேக்காமலே ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்புச் செலவு அனுப்பினேன்.

அதனால ஒன் பிள்ளைகளக் கஷ்டத்தோட காட்டாதே, வேலையோட காட்டு. எங்க ஊர்ல ஒவ்வொரு பெரிய வீட்டுலயும் ஒரு வயசான ஆச்சியோ ஐயாவோ தனியா இருக்காக, பிள்ளைக எல்லாம் வெளியூரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒன் நர்ஸிங் பிள்ளைகள டீச்சரோட கூட்டிக்கிட்டு வந்து பிரஷர், சுகர் பாத்துட்டுப் போகட்டும், மொதல்ல காசு கேக்காதே. எலக்ட்ரிக் படிக்கிற பிள்ளைக பழைய வீட்டு சுவிட்ச் போர்டுகளப் பாக்கட்டும், முப்பது வீட்டுல ஒயரு இத்துப்போய்க் கெடக்கு, தீப்பிடிக்குமோன்னு எங்களுக்கே பயமா இருக்கு, பாக்க நம்பிக்கையான ஆளு இல்ல. மகன்மாரு தீபாவளிக்கு வருவாக, அவுககிட்ட நாங்களே சொல்லுவோம்.

கோவிலூர் ரோட்டுக்காரன்

ஆச்சி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. தங்கச்சி, விழாவுக்கு ஒரு லட்சம்னு சொன்னாகளே, அத நிர்வாகத்துகிட்ட இப்படிப் பேசிப் பாரு: விழா வேணாம், ஐப்பசி கூட்டத்துக்கு வர்றவுகளுக்கு ஒங்க கேட்டரிங் பிள்ளைக கையால பணியாரமும் காரச் சட்னியும் போதும்னு. அப்படியே படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பழைய பிள்ளைகளுக்கும் ஒரு புள்ளி போடு, வருஷத்துக்கு ஆளுக்கு 500, எல்லாருக்கும் ஒரே தொகை. குடுக்க முடியாதவுக அந்த வருஷம் ஒரு நாள் வந்து கிளாஸ் எடுக்கட்டும். பட்டியல ஆபீஸ் முகப்புல ஒட்டு, தொகை போடாதே, பேரு மட்டும் போடு.

புதுவயல் டீச்சர்

வீடியோ வேணாம்னு இன்னைக்கு நேராவே சொல்லிட்டேன், தலைவர் கொஞ்சம் முகம் சுழிச்சாரு, ஆனா ஐப்பசி கூட்டத்துக்குச் சரின்னுட்டாரு. காலையில அந்த 10,000 குடுத்தவர் கடைக்குப் போனேன், மெஷின் மோட்டார் போட்டோவும், அதுல இந்த அஞ்சு மாசத்துல பிள்ளைங்க தைச்ச ஸ்கூல் யூனிஃபார்ம் கணக்கும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டுபோனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாரு. பணம் பத்தி ஒண்ணும் பேசல, "சனிக்கிழமை கடை மூடுற நாள், வந்து பாக்கலாமா"ன்னு கேட்டாரு.

ஆச்சி, அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நாலு பிள்ளைங்களோட பள்ளத்தூர் வர்றேன், எலக்ட்ரீசியன் சாரும் வர்றாரு. மொதல்ல எந்த வீட்டு போர்டப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க, டெஸ்டர், ஒயர் இன்சுலேஷன் பாக்குற மெகர் எல்லாம் நாங்க கொண்டாந்துருவோம்.

பள்ளத்தூர் ஆச்சி

என் வீட்டுல இருந்தே ஆரம்பி. ரெண்டாங்கட்டு மீட்டர் பெட்டி. மத்தியானச் சாப்பாடு இங்கதான், பிள்ளைகள்ட்டச் சொல்லிரு.